ஐல் சீட் நமக்கு, இமயமலை யாருக்கு?

அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட் போடும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "உங்களுக்கு ஐல் சீட் போட்டிருக்கேம்ப்பா. பாத்ரூம் போக வர சௌகரியமா இருக்கும்." நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம். இனிமேல் ஆட்டக் கூடாது என்பது என் கட்சி.

முக்திநாத் யாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். தில்லியிலிருந்து காட்மாண்டுவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பறப்பு. சபாவில் மூன்று மணி நேரம் அசையாமல் கச்சேரி கேட்கிறவர்களால் இதற்கு உட்கார முடியாதா?

விமானம் கிழக்கே போகிறது. இமயம் வடக்கே இருக்கிறது. ஆகவே இடது பக்க ஜன்னல், அதாவது 'ஏ' சீட். வானம் தெளிவாக இருந்தால் தவளகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனாஸ்லு (8,163) என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வடக்குப் பக்கம் என்பதால் கண்ணில் வெயிலும் அடிக்காது. திரும்பும்போது வலது பக்கம், 'எஃப்'. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசையாகக் கேளுங்கள். இறக்கைக்கு நேரே உட்கார்ந்தால் தகரத்தைத்தான் பார்க்கலாம். கொஞ்சம் பின்னால் போனால் என்ஜின் சூட்டில் காட்சி கலங்கும். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில் காலை விமானம் கிடைத்தால் உத்தமம்.

காட்மாண்டுவிலிருந்து பொக்காரா போகும்போது விமானம் மேற்கே திரும்புகிறது. அப்போது மலை வலது பக்கம். ஏ.டி.ஆர். விமானமாக இருந்தால் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், பார்வையை மறைக்காது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு இரண்டு பக்கமும் விருந்துதான். வலப்புறம் அன்னபூர்ணா, இடப்புறம் தவளகிரி.

எங்கள் குழு போனபோது டூர்க்காரர் இஷ்டத்துக்கு போர்டிங் பாஸை விநியோகித்தார். ஜன்னல் கேட்டதற்கு, "எல்லா சீட்டும் ஒண்ணுதான் சார், எல்லாம் ஒரே நேரத்துலதான் போய்ச் சேரும்" என்றார். ஒன்றுதான் என்றால் விமானக் கம்பெனிகள் ஜன்னலுக்குத் தனிக் காசு ஏன் வாங்குகின்றன? எங்களுக்கு இடப்புறம் ஒரு இளைஞர் ஜன்னல் திரையை இறக்கிவிட்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்கினார். நடு வரிசையிலிருந்த மாமிகள் மூன்று பேர் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்து, பிறகு எதிரே இருந்த பையில் செருகியிருந்த புத்தகத்தைப் புரட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது எழுபத்தெட்டு. மறுபடி எப்போது வரப்போகிறார்?

"கோயிலுக்குப் போறோமா, வேடிக்கை பார்க்கப் போறோமா?" என்று கேட்பவர்களும் உண்டு. சாளக்கிராமக் கல் கிடைக்கும் காளி கண்டகி நதியின் பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஜோம்சோம் விமானமே பறக்கிறது. பூஜையறையில் வைத்துக் கும்பிடும் கல் பிறந்த நதி காலடியில் ஓடும்போது நடைபாதையில் போகும் தண்ணீர் வண்டியைப் பார்ப்பதுதான் பக்தியா?

அமெரிக்காவுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் பறக்கிறவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முழங்காலை மடக்க முடியாதவர்கள் தாராளமாக ஐல் சீட்டே கேளுங்கள். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் வயதை மட்டும் காரணம் காட்டி நம்மை நடைபாதைக்குத் தள்ளுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். டிக்கெட் செலவு பல ஆயிரம்; ஜன்னலுக்கு மேற்கொண்டு சில நூறு கேட்டால் கொடுங்கள். அந்தக் காசைச் சேமித்து என்ன செய்யப்போகிறோம்?

டூர்க்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சீட்டைப் பேசி எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் டிக்கெட் போட்டால் அவர்களிடம் கறாராகச் சொல்லுங்கள்: போகும்போது 'ஏ', வரும்போது 'எஃப்'.