நடுவருக்கும் பயிற்சி வேண்டாமா?

துடுப்பாட்டத்தில் நடுவர் விரலை உயர்த்திவிட்டால் மறுபேச்சில்லை என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. தொலைக்காட்சிப் படத்தைக் கண்டு தீர்ப்பளிக்கும் வழக்கம் 1992இல் டேர்பன் நகரில் நடந்த ரெஸ்ற் போட்டியிற் புகுந்தது. ஆட்டக்காரரே மேன்முறையீடு செய்யும் முறை 2008இல் இலங்கையும் இந்தியாவும் கொழும்பில் ஆடியபோது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. ஆயின், இவை தீர்ப்பைத் திருத்தும் உபாயங்களேயன்றித் தீர்ப்பளிப்பவரைப் பயிற்றும் உபாயங்களல்ல. யாம் கூற விழைவது பின்னதைப் பற்றியே.

2019ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்திலே, களத்திலிருந்து எறியப்பட்ட பந்து துடுப்பிற் பட்டு எல்லையைக் கடக்க, இங்கிலாந்துக்கு 6 ஓட்டங்கள் வழங்கப்பட்டன. பந்து எறியப்பட்ட கணத்தில், இரண்டாம் ஓட்டத்துக்காக ஓடிய இருவரும் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. ஆதலின் 5 ஓட்டங்களே உரியன. தீர்ப்பளித்தவர் எமது நாட்டவரான குமார் தர்மசேன. 2012இலும் 2018இலும் சர்வதேசக் கிரிக்கெற் சபையின் சிறந்த நடுவர் விருதைப் பெற்றவர். பின்னர்த் தொலைக்காட்சியிற் பார்த்தபோது தவறு புலப்பட்டதென அவரே ஒளிக்காது கூறினார். அத்தகையவருக்கே படம் ஒன்றைக் கற்பிக்குமாயின், வெயிலில் நாள் முழுதும் நின்று மாணவர் ஆட்டங்களை நடத்தித்தரும் அன்பர்களுக்கு அது எத்துணை உதவும்!

இன்று மைதான ஓரத்திற் கைத்தொலைபேசி இல்லாதார் இலர். நடுவரின் தவறு பொழுதுபடுமுன் ஊரெங்கும் பரவிவிடுகின்றது. அதனை அவருக்கு அமைதியாகக் காட்டுவாரைத்தான் காணோம். நையாண்டிக்கு அஞ்சி இளைஞர் இப்பணிக்கு வரத் தயங்குவது வியப்பன்று.

செய்யும் முறை எளிது. பந்து துடுப்பையோ காலையோ அடைந்ததும் படத்தை நிறுத்தி, நடுவரின் தீர்ப்பைக் கேட்டு, அதன்பின் மீதியைக் காட்டுதல் வேண்டும். முதலில் இயல்பான வேகத்திலேயே காட்டுக. உதைபந்தாட்ட நடுவர்கள் மெதுவோட்டத்திற் பார்த்த குற்றங்களுக்குக் கடுமையான தண்டனை விதிக்க முற்பட்டனரென 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. நடுவர் நின்ற இடத்தையும் நோக்குதல் நன்று. ஓட்டத்தின்போது பக்கவாட்டில் விலகிக் கோட்டுக்கு நேரே நில்லாதவர் எவ்வாறு சரியாகக் காண்பார்? கண்மீது நாம் சுமத்தும் பழிகளிற் பல காலுக்கு உரியவை.

விழா நினைவாக மண்டபத்துக்கு வர்ணம் பூசுவோம் என்பாரை யாம் மறுக்கவில்லை. அதனுடன் இரண்டு கமராக்களையும் பழைய மாணவர் சங்கம் வாங்கித் தரட்டும். ஆட்டத்துக்கு மறுநாள் நடுவர்கள் மட்டும் கூடிப் பார்க்க ஒரு வகுப்பறை போதும். ஆட்டக்காரரும் பெற்றாரும் அங்கு வேண்டா, அதிபரும் பொறுத்தருள்வாராக. அணியில் இடம்பெறாத உயர்வகுப்பு மாணவர் இருவரை மட்டும், கற்றுக்கொள்ளும் பொருட்டு, உடன் இருத்தலாம்.