எந்தப் பெம்பஸ் நல்லது என்று கேட்பவர்களுக்கு



மகப்பேற்று விடுமுறை முடிந்து ஒரு ஆசிரியை பாடசாலைக்குத் திரும்பினால், எங்கள் ஓய்வறையில் முதலில் எழும் பேச்சு பால் பற்றியது. அடுத்தது பெம்பஸ். ஊர் வட்ஸ்அப் குழுக்களிலும் இதே கேள்விதான் சுற்றுகிறது. "புள்ளைட தொடையெல்லாம் அவிஞ்சு போச்சு, எந்தப் பெம்பஸ் நல்லம்?" உடனே பத்துப் பேர் பத்துக் கம்பனியின் பெயரைச் சொல்வார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை தரம் மாத்துறீங்க?" என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. எங்கள் அபிப்பிராயப்படி முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

ஏன் என்று சொல்கிறோம். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். லேசாக உரசினாலே காயப்படும். மலத்தில் இருக்கும் நொதியங்கள் அந்தத் தோலை அரிக்கும். சிறுநீரும் மலமும் ஒன்றாகத் தங்கினால் அமோனியா உண்டாகி, தோலின் இயல்பான அமிலத்தன்மை குறைந்துபோகும். அப்போது அதே நொதியங்கள் இன்னும் வேகமாக வேலை செய்யும். (விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு இது புதுக்கதை அல்ல.) பெம்பஸுக்குள் இருக்கும் சோடியம் பொலிஅக்ரிலேட் சிறுநீரை உறிஞ்சி ஜெலியாக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் மலத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே புள்ளை மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும், அது எவ்வளவு விலையுயர்ந்த பெம்பஸாக இருந்தாலும் சரி. பக்கெட்டில் "12 மணித்தியாலம்" என்று போட்டிருப்பது கசியாது என்பதற்கான வாக்கு. புள்ளையின் தோல் 12 மணித்தியாலம் தாங்கும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

இனி விலைக்கு வருவோம். 2022 நெருக்கடியோடு ஏறிய சாமான் விலைகளில் பெம்பஸும் ஒன்று. அதற்குப் பிறகு பல வீடுகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது: பெயர்பெற்ற கம்பனியின் பெம்பஸை வாங்குவது, வாங்கிய விலையை நினைத்து அது கனத்துத் தொங்கும் வரை கழற்றாமல் விடுவது. புள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நடக்கிற காரியம் இது. எங்களைக் கேட்டால், மனம் நோகாமல் கழற்றி வீசக்கூடிய விலையில் உள்ளதுதான் உங்கள் புள்ளைக்கு நல்ல பெம்பஸ். பக்கெட்டின் விலையை உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தரம் மாற்ற அந்தக் கணக்கு இடம் தருகிறதா? பிறந்த புள்ளைக்கு பத்துத் தரத்துக்கும் மேல் மாற்ற வேண்டிவரும். இடம் தராவிட்டால் ஒருபடி விலை குறைந்ததை எடுங்கள், அல்லது பகலில் சீலைத்துண்டும் இரவில் பெம்பஸுமாக வையுங்கள்.

விலை குறைந்தது என்பதற்காக எதையும் எடுக்கச் சொல்லவில்லை. வெளியுறை காற்றுப் போகும் துணி போன்றதா, பொலித்தீன் போல் வழுக்குகிறதா என்று தடவிப் பாருங்கள். வாசனை போட்டதை விட்டுவிடுங்கள். வாசனைத் திரவியமே சில புள்ளைகளுக்கு ஒத்துவராது. சைஸைப் பார்க்கும்போது மாதக் கணக்கைப் பார்க்காதீர்கள். பக்கெட்டில் கிலோக் கணக்கு இருக்கிறது. உங்கள் கிளினிக் புத்தகத்தில் புள்ளையின் நிறையும் மாதாமாதம் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கழற்றும்போது இடுப்பிலும் தொடையிலும் சிவந்த கோடு விழுந்திருந்தால் அது சிறிசு. மிச்சம் இருக்கிறதே என்று பழைய சைஸைப் பூட்டிவிட வேண்டாம். புதிய கம்பனிக்கு மாறுவதானால் முதலில் சின்னப் பக்கெட்டை வாங்குங்கள்.

சீலைத்துண்டு பாவிப்பவர்களை "பழைய காலம்" என்று சிரிப்பவர்கள் உண்டு. எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையில் காயப்போட்டால் பகலுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அப்போது அதைவிடச் சிக்கனமானது வேறில்லை. மாரியில்தான் கஷ்டம், அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டக்கூடாது. சவர்க்காரம் முழுவதும் போகும் வரை அலச வேண்டும். சீலைக்கு மேல் பிளாஸ்டிக் ஜங்கி போட்டால் செய்ததெல்லாம் வீண்.

எங்கள் வீடுகளுக்கே உரிய ஒரு விடயம் இருக்கிறது. தொழுகைக்குரிய உடுப்பு, பாய், கட்டில் எல்லாம் நஜீஸாகிவிடும் என்ற பயத்தில் புள்ளையை நாள் முழுக்கப் பெம்பஸோடே வைத்திருக்கிறோம். சுத்தம் பேணத்தான் வேண்டும். அதற்கு ஒரு றபர் சீற், அதன் மேல் ஒரு பழைய சாரம், தொழுகை உடுப்பை வேறாக மாட்டிவைக்க ஒரு ஆணி போதும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பத்து நிமிடமாவது காற்றுப் படவிட்டால் தோல் தானாகத் தேறும்.

கழுவுவதற்குத் தண்ணீரைப் போல நல்லது வேறில்லை. தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகு வஸலீன் அல்லது சிங் ஒக்சைட் கிறீம் தடிப்பாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம். அது மடிப்புகளில் கட்டியாகத் தங்கும், புள்ளையின் மூச்சோடும் உள்ளே போகும்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அடுத்த விடயம்தான். பார்மசிக்குப் போய் "புண்ணுக்கு ஒரு கிறீம் தாங்க" என்று கேட்டு வாங்குகிறோம். பக்கத்து வீட்டு ராத்தா தந்த பாதி டியூபையும் பூசுகிறோம். அவற்றில் பலது பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற ஸ்டீரொயிட் கலந்தவை. இரண்டு நாளில் சிவப்பு மறையும், நாங்களும் நல்ல மருந்து என்று அடுத்தவருக்குச் சொல்லுவோம். ஆனால் பெம்பஸ் மூடியிருக்கும் இடத்தில் அந்த மருந்து அதிகமாக உறிஞ்சப்படும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும். வைத்தியர் எழுதித் தராமல் அதைப் புள்ளையில் தொடவே வேண்டாம்.

வாப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெம்பஸ் வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் பங்கு முடியவில்லை, மாற்றவும் பழகுங்கள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். அதுவரைக்கும் புள்ளையைப் பார்ப்பது உம்மம்மாதான், முழங்கால் நோவோடு. காலையில் போட்டதை ஆசிரியை வந்துதான் கழற்ற வேண்டியிருக்கிறது என்றால் குறை அந்த மூத்தவரிடம் இல்லை. புள்ளையைக் குனியாமல் மாற்ற உயரமான ஒரு மேசையும், பக்கத்தில் எல்லாச் சாமானும் எடுத்துவைத்த ஒரு கூடையும் அவருக்குக் கொடுத்தோமா?

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் காட்ட வேண்டும். தொடையிடுக்கின் மடிப்புக்குள்ளேயே கடுஞ்சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் பரவினால் அது அனேகமாகப் பங்கசுத் தொற்று, அதற்கு மருந்து வேறு. வயிற்றோட்டத்துக்குப் பிறகும், அன்டிபயோட்டிக் குடித்த பிறகும் இது வருவதுண்டு. கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.