சைனியமும் ஜனசம்மதமும்

அந்நிய மண்ணுக்குத் துருப்புகளை அனுப்ப ஒரு மந்திரிசபைக்கு ஓர் இரவு போதும். அவற்றைத் திரும்ப அழைப்பதற்கோ வருஷக்கணக்கான வாதமும், பல சமயங்களில் வேறொரு மந்திரிசபையும் தேவைப்படுகின்றன. 2001-ஆம் வருஷத்தில் ஆப்கானிஸ்தானத்தில் புகுந்த அமெரிக்கத் துருப்புகள் 2021 ஆகஸ்டில்தான் முற்றிலும் வெளியேறின. இடையே நான்கு ஜனாதிபதிகள் அந்த யுத்தத்தைச் சுமந்தனர். இது பிறர் வீட்டு வழக்கென்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. நம் வாசலிலேயே நடந்த வழக்கு ஒன்று உண்டு. அதன் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

கோடம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலில் தினந்தோறும் போய் வரும் ஜனங்கள் இலங்கை யுத்தத்தின் வடுக்களைக் கடந்தே செல்கின்றனர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1984 ஆகஸ்டு 2-ந் தேதி வெடித்த குண்டு முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பரங்கிமலை ராணுவப் பள்ளியில் பயின்று 1972-இல் அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேசுவரன், 1987 நவம்பர் 25-ந் தேதி யாழ்ப்பாணப் பிரதேசத்தில் போரிட்டு மாண்டு, பரமவீர சக்கர விருதுக்கு உரியவரானார். 1990 ஜூன் 19-ந் தேதி ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய சகாக்களும் கோடம்பாக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1991 மே 21-ந் தேதி மீனம்பாக்கத்தில் வந்திறங்கிய ராஜீவ் காந்தி, அன்றிரவே ஸ்ரீபெரும்புதூரில் பலியானார். கடலுக்கு அப்பால் நடக்கும் யுத்தம் கடலுக்கு அப்பாலேயே நின்றுவிடும் என்று நம்புவோருக்கு இந்தச் சில மைல் தூரமே போதிய பாடமாகும்.

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். மறுநாளே நமது துருப்புகள் யாழ்ப்பாணத்தில் இறங்கின. தமிழர்களைக் காக்க வந்தவர்கள் என்று அங்குள்ள ஜனங்கள் மாலையிட்டு வரவேற்றனர். இரண்டரை மாதங்களுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. அக்டோபர் 10-ந் தேதி விடுதலைப் புலிகளோடு யுத்தம் மூண்டது. சமாதானத்தைக் காக்கச் சென்ற படை சமர் புரியும் படையாயிற்று. அதே மாதம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நம் துருப்புகள் புகுந்தபோது டாக்டர்களும் நர்ஸுகளும் நோயாளிகளும் மாண்டனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் நிரபராதிகளான ஜனங்கள் பலர் கொல்லப்பட்டனர். நமது தரப்பிலும் ஏறக்குறைய 1,200 வீரர்கள் உயிர் துறந்தனர். எவரைக் காக்கச் சென்றோமோ அவர்களே அஞ்சும் நிலை வந்த பின்பும் இரண்டு வருஷங்கள் அங்கே தங்கியிருந்தோம்.

படையை வாபஸ் வாங்குவதா, வேண்டாமா என்ற விவாதம் அந்நாளில் எழாமலில்லை. வாங்கலாகாது என்றவர்களின் வாதம் அற்பமானதன்று. உடன்படிக்கை வாக்களித்த மாகாண அதிகாரங்கள் முழுமையாகக் கைக்கு வரவில்லை. படை போனால் வடகிழக்கு மாகாண சர்க்கார் கவிழும். அதை நம்பியவர்கள் பழிவாங்கப்படுவர். இந்தியாவின் கௌரவம் குறையும் என்றனர். இவற்றில் கௌரவத்தைப் பற்றிய வாதம் ஒன்றைத்தான் நாம் அடியோடு நிராகரிக்கிறோம். தவறான இடத்தில் நிற்பதால் எந்தத் தேசத்துக்கும் கௌரவம் வளர்ந்ததில்லை. மற்ற அச்சங்கள் நியாயமானவை என்பதைப் பின்வந்த சம்பவங்கள் நிரூபித்தன. ஆயினும் அவை வாபஸைத் தடுக்கும் காரணங்களல்ல; வாபஸை ஒழுங்காக நடத்துவதற்கான காரணங்கள்.

ஒழுங்காக நடந்ததா? 1989 ஜூனில் ஜனாதிபதி பிரேமதாசா, ஜூலை 29-க்குள் வெளியேறுங்கள் என்று கெடு விதித்தார். நம்மை வெளியேற்றுவதற்காக அவர் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். செப்டம்பரில் வேறொரு கெடு ஏற்பாடாயிற்று. டிசம்பரில் டெல்லியில் ஆட்சி மாறி வி. பி. சிங் பிரதம மந்திரியானார். 1990 மார்ச் 24-ந் தேதி கடைசித் துருப்புகள் திருகோணமலையிலிருந்து கப்பலேறின. மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மூன்று மாதங்கள் கழியுமுன் இலங்கையில் மறுபடியும் யுத்தம் மூண்டது. கோடம்பாக்கத்துக் கொலைகளும் அந்த ஜூன் மாதத்திலேயே நிகழ்ந்தன. வாபஸ் சரியே, ஆனால் அது நாமாகத் தீர்மானித்த காலத்தில், நம்பியவர்களுக்குப் புகலிடம் தேடிய பின் நடந்ததன்று.

சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய வீரர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்பதெப்படி என்பது அவருடைய கேள்வி. வரவேற்க மறுத்தது தகாது என்று கோபித்தவர்களும் உண்டு. இரு தரப்பாரும் துறைமுகத்தையே நோக்கினர். நோக்கியிருக்க வேண்டியது பார்லிமெண்டை. அட்டூழியம் புரிந்தவன் எவனாயினும் விசாரணைக்குரியவனே. ஆனால் சிப்பாய் தானாகக் கடல் கடப்பதில்லை. அவனை அனுப்பியவர்கள் எவருடைய சம்மதத்தின் பேரில் அனுப்பினார்கள் என்பதே மூல வினா.

இந்த வினா நமக்குப் புதியதன்று. 1939 செப்டம்பர் 3-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, இந்தியப் பிரதிநிதிகள் ஒருவரையும் கலவாமல் இந்தியா யுத்தத்தில் இருப்பதாகப் பிரகடனம் செய்தார். அதைக் கண்டித்து, சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை உட்பட, மாகாணங்களின் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தன. ‘எங்களைக் கேளாமல் எங்கள் பிள்ளைகளை அனுப்பாதே’ என்பதே அந்த ராஜினாமாவின் பொருள். சுதந்திரம் வந்து நாற்பது வருஷங்களான பின்பு, 1987-இல் நமது சர்க்கார் பார்லிமெண்டின் வாக்கை முன்கூட்டிக் கேளாமலே சைனியத்தை அனுப்பிற்று. அரசியல் சட்டத்திலும் அப்படிக் கேட்கக் கட்டாயமில்லை, இன்றும் இல்லை. வைஸ்ராய்க்கு மறுத்த உரிமையை மந்திரிசபைக்கு நாமே வழங்கிவிட்டோம்!

அவசர காலத்தில் விவாதித்துக் கொண்டிருக்க முடியுமா என்று கேட்பர். ஜெர்மனியில் 1994-ஆம் வருஷத்து நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், போரில் ஈடுபடக்கூடிய படையை வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்லிமெண்டின் சம்மதம் அவசியம். அவசரமானால் முதலில் அனுப்பிவிட்டுப் பின்னர் சம்மதம் கோரலாம். கிடைக்காவிடில் திரும்ப அழைக்க வேண்டும். அமெரிக்காவில் 1973-ஆம் வருஷத்துச் சட்டம் அறுபது நாள் கெடு வைத்திருக்கிறது. அதை மழுப்பிய ஜனாதிபதிகள் உண்டென்பதும், ஆப்கன் யுத்தத்துக்கு ஒருமுறை கொடுத்த அனுமதியே இருபது வருஷம் நீண்டதென்பதும் வாஸ்தவமே. ஆகவே ஒருமுறை சம்மதம் மட்டும் போதாது. காலம் குறித்த சம்மதம் வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைகளுக்குப் பாதுகாப்புச் சபை கெடு வைத்தே அனுமதி புதுப்பிக்கிறது. அந்தப் படைகளுக்கு ஏராளமான வீரர்களை அளித்துவரும் நாம், அந்த நியதியை நமது சொந்தச் சைனியத்துக்கு ஏன் அனுஷ்டிக்கலாகாது?

நாம் வேண்டுவது மூன்று. அந்நிய நாட்டுக்குப் படை அனுப்பினால் முப்பது நாட்களுக்குள் இரு சபைகளும் வாக்களிக்க வேண்டும். நோக்கம் என்ன, அது நிறைவேறியதற்கு அடையாளம் என்ன என்பதைச் சர்க்கார் எழுத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கொரு முறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும். வாபஸ் வாங்கும்போது, நம்மை நம்பிய அந்நாட்டு ஜனங்களின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று சபையில் சொல்ல வேண்டும்.

தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் ஆகிய ஊர்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் அடங்கியிருக்கின்றன. தாம்பரத்து விமானப்படைத் தளமும் பரங்கிமலை ராணுவப் பள்ளியும் இத்தொகுதியிலேயே உள்ளன. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்பதோடு, இத்தகைய மசோதாவுக்குக் கை தூக்குவீர்களா என்றும் வாக்காளர்கள் கேட்பார்களாக. நமது பிள்ளைகள் மறுமுறை கப்பலேறிய பின் கேட்பதில் பயனில்லை.