களஞ்சியத்தின் கதவு அகலட்டும்!

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது பீங்கான்தான். அகல் விளக்கு, கொலு பொம்மை, பியூஸ் கட்டை என்று நம்ம ஊர்ச் சூளையில் வெந்த சாமான் பல ஊர்களுக்குப் போகிறது. ஆனால் இங்கே வெந்த அறிவு எங்கே போகிறது? பீரோவுக்குள் போகிறது!

இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையைத்தான் சொல்கிறேன். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தால் காயும்போது வெடிக்காது, எந்தச் சூட்டில் கிளேஸ் மயிரிழை விரிசல் விடுகிறது, அச்சிலிருந்து எடுத்த பிறகு எவ்வளவு சுருங்குகிறது என்று சூளையடியில் நின்று குறித்த கணக்குகள் அதில் இருக்கின்றன. பைண்டு போட்டு, தலைப்பைத் தங்க எழுத்தில் அடித்து, வைவா முடிந்ததும் பூட்டிவிடுகிறோம். அடுத்த வருஷத்து ஜூனியர் அதே கலவையைக் குழைத்து, அதே விரிசலைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறான். சின்னச் சூளை வைத்துப் பிழைப்பவரோ அதே பாடத்தைத் தன் கைக்காசில் கற்றுக்கொள்கிறார்.

இதற்கு உலகம் கண்ட வழி, யாரும் காசில்லாமல் திறந்து படிக்கக்கூடிய இணையக் களஞ்சியம். நெல்லைக் கொட்டி வைப்பது போல ஆய்வைக் கொட்டி வைக்கிற இடம். இயற்பியல்காரர்களுக்கு 1991-லேயே 'ஆர்க்சைவ்' வந்துவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002-ல் தன் களஞ்சியத்தை அமைத்தது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகள் இதற்காக வாதாடியிருக்கிறார்.

களஞ்சியம் இருந்தால் மட்டும் போதுமா? கதவு குறுகலாக இருந்தால் மூட்டையோடு வந்தவன் திரும்பிப் போய்விடுவான். ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையைப் போடப் போனால் தலைப்பு, துறை, இதழ், பக்கம், உரிமை என்று பெட்டி பெட்டியாக நிரப்பச் சொல்கிறது. "பத்திரிகைக்காரன் கேஸ் போட்டுட்டா என்ன பண்றது?" என்கிற பயம் வேறு. 2005-ல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பார்த்தபோது ஒரு கட்டுரையைச் சேர்க்கச் சுமார் 10 நிமிடம்தான் ஆனது. 10 நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். பலன் உடனே தெரியாத வேலைக்கு 10 நிமிடமும் பெரிதுதான் ஐயா!

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பிஎச்.டி. ஆய்வேட்டின் மின்பிரதியைப் பல்கலைக்கழகமே அனுப்ப வேண்டும் என்று மானியக் குழு 2009-ல் விதி போட்டது. மாணவர் கோப்பைக் கொடுத்தால் சரி. மற்றதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். இன்று 'ஷோத்கங்கா'வில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள்! 2014-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் பணத்தில் நடந்த ஆய்வுக் கட்டுரைகளையும் களஞ்சியத்தில் போடச் சொன்னார்கள். பாரம் ஆராய்ச்சியாளர் தலையில் விழுந்தது. அந்த வேகம் இதில் வரவில்லை.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் வேறு சூட்சுமம் செய்தது. களஞ்சியத்தில் உள்ள கட்டுரைதான் பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் யார் சோம்பல் படுவார்கள்?

டிப்ளமோ அறிக்கைக்கு ஷோத்கங்காவில் இடமில்லை. நாமே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாணவன் பைண்டு பிரதியோடு ஒரு பென்டிரைவும், தலைப்பு, பெயர், ஆண்டு எழுதிய ஒரு துண்டுச்சீட்டும் கொடுக்கட்டும். மீதிப் பெட்டிகளை நூலகம் நிரப்பட்டும். பென்டிரைவ் வந்தால்தான் வைவா என்று சொன்னால் ஒருத்தரும் மறக்கமாட்டார்கள். கம்பெனி ரகசியம் ஏதாவது இருந்தால் ஒரு வருஷம் பூட்டி வைத்துத் திறக்கலாம்.

"அப்புறம் ஜூனியர் பசங்க காப்பி அடிப்பாங்களே!" என்கிறார் ஒரு நண்பர். இப்போது மட்டும் அடிக்கவில்லையாக்கும்! பீரோவிலிருந்து அடித்தால் யாருக்கும் தெரியாது. ஊர் பார்க்கிற இடத்திலிருந்து அடித்தால் மறுநாளே தெரியும்.

இன்னொன்று. வெடித்துப்போன கலவையையும் மறைக்காமல் போட வேண்டும். ஜெயித்ததை எல்லோரும் சொல்வார்கள். எது தோற்றது என்பதுதான் சூளைக்காரருக்குக் காசு மிச்சம் பண்ணும். அவர் படிக்கும்படி தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் இருக்கட்டும்.

இந்த ஆண்டு வைவாவுக்கு முன்பே பேரவை நிர்வாகிகள் முதல்வரிடமும் நூலகரிடமும் இதைப் பேச வேண்டும். பழைய அறிக்கைகளை ஸ்கேன் பண்ண ஆள் வேண்டுமென்றால் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் தயார்.