ஆங்கிலத்திற்குத் தமிழ் தடையா?

"தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி." ஆங்கில வகுப்பில் நம்மில் பலர் கேட்ட அறிவுரை இது. மற்ற பாடங்களுக்கு எப்படியோ, 'அட்', 'ஆன்', 'இன்' என்ற மூன்று சிறு சொற்களுக்கு இது பொருந்தாது என்பேன்.

ஜார்ஜ்டவுனில் வார இறுதிகளில் படிவம் ஐந்து மாணவர்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் முதல் கேள்வியே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதுதான். எந்த நாள், எத்தனை மணி என்று வந்ததும் 'இன் மண்டே', 'ஆன் ஜூலை' என்று தடுமாறுகிறார்கள்.

மலாய்மொழியில் மணிக்கும் நாளுக்கும் ஆண்டுக்கும் 'பாடா' என்ற ஒரே சொல் போதும். தமிழோ ஆங்கிலத்தைப் போலவே மூன்றாகப் பிரிக்கிறது. எட்டு மணிக்கு, திங்கட்கிழமையன்று, ஜூலையில். 'கு' வந்தால் அட், 'அன்று' வந்தால் ஆன், 'இல்' வந்தால் இன். ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2008 ஜூலை 7ஆம் நாளன்று. அதற்கு ஆன். நாளைச் சொல்லாமல் 2008இல் என்று மட்டும் எழுதினால் இன். பேச்சில் 'அன்று' விட்டுப்போகும். சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றால் 'பை', வெள்ளிக்கிழமை வரை காத்திரு என்றால் 'அன்டில்'. இதைக் குழப்பினால் போவது மதிப்பெண் மட்டுமல்ல, உபகாரச் சம்பளமும் கைநழுவலாம்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. காலையில் என்பதற்கு இன். ஆனால் திங்கட்கிழமை காலையில் என்றால் ஆன். இரவில் என்பது 'அட் நைட்'. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'அடுத்த', 'போன' என்று தொடங்கும் நாளுக்கு முன் எதுவுமே வராது. நாம் வீட்டுக்குப் போகிறோம். ஆங்கிலத்தில் 'கோ ஹோம்' மட்டும்தான், நடுவில் 'டு' இல்லை. பேருந்தில், ஃபெரியில், காரில் எல்லாம் நமக்கு 'இல்'. ஆங்கிலத்தில் எழுந்து நடக்க இடமுள்ள பேருந்துக்கும் ஃபெரிக்கும் ஆன், காருக்கு இன். (மோட்டார் சைக்கிளுக்கும் ஆன்தான். அதில் எழுந்து நடந்து பார்க்க வேண்டாம்!)

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியும் நேரத்தில், தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் ஆங்கிலம் வராமல் போய்விடுமோ என்று தயங்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தானே நம் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம்? ஓர் ஆங்கிலப் பள்ளிக்குள் பிறந்த தமிழ்க்கல்வியை ஆங்கிலத்திற்கு எதிரியாகப் பார்ப்பது வேடிக்கை.

தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பாடம் வரும் நாளிலாவது, 'எட்டு மணிக்கு, திங்கட்கிழமையன்று, ஜூலையில்' என்று பலகையில் தமிழில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். டியூஷன் ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.