பகல் மனிதனுக்கு! இரவாவது மிருகத்துக்கு வேண்டாமா?

புலி யாருக்கும் பயப்படாது என்பார்கள். அது தவறு. புலியும் பயப்படும். யாருக்கு? மனிதனுக்கு!

நேபாள நாட்டில் சித்வன் என்று ஒரு காடு இருக்கிறது. புலிகளுக்குப் பேர்போன காடு. பக்கத்து ஊர் ஜனங்கள் விறகு எடுக்கவும், புல் அறுக்கவும் அங்கே போவார்கள்.

அந்தக் காட்டுப் பாதைகளில், தானாகப் படம் பிடிக்கும் காமிராக்களை விஞ்ஞானிகள் கட்டி வைத்தார்கள். 2012-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது.

பகலில் மனிதன் நடந்த பாதையிலேயே, இரவில் புலி நடந்தது! புலி பகலிலும் நடமாடக்கூடிய மிருகம்தான். மனிதனுக்கு ஒதுங்கி, அது தன் நேரத்தை மாற்றிக்கொண்டது.

உலகம் எங்கும்

புலி மட்டும் அல்ல. 62 வகை மிருகங்களைப் பற்றி 6 கண்டங்களில் நடந்த 76 ஆராய்ச்சிகளை விஞ்ஞானிகள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 2018-ல் அது வெளியானது.

பகலில் பாதி, இரவில் பாதி என்று நடமாடிய மிருகம், மனிதன் வந்த இடத்தில் 100-க்கு 68 பங்கு இரவில் நடமாடுகிறது. மனிதன் துப்பாக்கியோடு வந்தாலும் சரி, சும்மா நடந்து போனாலும் சரி, மிருகம் ஒதுங்குகிறது.

"மோதல் குறைகிறதே, நல்லதுதானே?" என்று கேட்கலாம். ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் பகலில் பழகிய கண்ணுக்கு இருட்டில் இரை தேடுவது எளிதா? இருட்டில் வேட்டையாடும் எதிரியிடம் சிக்கவும் கூடும்.

ரோட்டில் சாவு

இப்படி இரவுக்கு ஒதுங்கிய மிருகத்துக்கு, இரவிலாவது நிம்மதி உண்டா? காட்டு ரோட்டில் லாரி பறந்து வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசி, மான் அப்படியே நின்றுவிடுகிறது. அடிபட்டுச் சாகிறது.

இதைத் தடுக்கவே, முதுமலையை அடுத்த கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டு ரோடுகளில் 2009 முதல் இரவுத் தடை இருக்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ஆம்புலன்சும், சில பஸ்களும் தவிர மற்ற வண்டிகள் போகக்கூடாது. சத்தியமங்கலம் காட்டில் உள்ள திம்பம் மலைப்பாதையிலும், ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு.

இதனால் வியாபாரிகளுக்கும், லாரிக்காரர்களுக்கும் கஷ்டம்தான். காய்கறி லோடு ராத்திரி முழுவதும் காத்துக் கிடக்கும். ஆனாலும் பொழுது விடிந்தால் அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

மிருகம் எங்கே போகும்? பகலும் போய், இரவும் போனால் அதற்கு வேறு பொழுது ஏது?

ஆகவே இந்தத் தடையைத் தளர்த்தக்கூடாது. நாளுக்கு 24 மணி நேரம். அதில் 9 மணி நேரத்தைக் காட்டுக்கு விட்டுக்கொடுப்பது பெரிய தானம் அல்ல. மனிதன் எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதுதான்!