எரிந்த காரும் ‘அசல்’ என்ற சொல்லும்

எஞ்சினில் தீப்பிடித்த பழைய காரொன்றை வீட்டு வாசலிலேயே நிறுத்திச் சீர்செய்ய முனைவோரிடம் நம்மவர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். எவ்வளவு செலவாகும் என்பது முதலாவது. முடித்த பின் அசல் போலவே இருக்குமா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு லேத் பட்டறைக்காரரும் பெயிண்டரும் விடை சொல்லிவிடுவர். இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விழைகிறோம். ஏனெனில், வடசென்னையைப் பொறுத்தவரை ‘அசல்’ என்ற சொல் அத்தனை எளிதில் பிடிபடுவதாக இல்லை.

ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டு, எண்ணூரில் ஆலை அமைத்து, அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, 1949 முதல் ஆஸ்டின் ஏ40 கார்களை அந்நிறுவனம் வெளியே அனுப்பியது. நான்கு சிலிண்டர், 1,200 சி.சி., சுமார் நாற்பது குதிரைத்திறன். அக்காலக் குடும்பக் காருக்கு அது போதுமானது. ஆனால் கார் பூட்டும் காலம் நெடிது நீடிக்கவில்லை. கவனம் லேலண்ட் லாரிகளின் பக்கம் திரும்பியது. 1955இல் நிறுவனத்தின் பெயரும் அசோக் லேலண்ட் என்றாயிற்று. இன்று எண்ணூர் என்றதும் லாரியும் பேருந்துமே நினைவுக்கு வருகின்றன. அவ்வூரிலிருந்து கார்களும் புறப்பட்டன என்பதற்கு, அந்தக் கார்களில் எஞ்சியவையே கண்கூடான சாட்சிகள். அவற்றுள் ஒன்று எரிந்தால் ஓர் ஊரின் நினைவிலும் ஓர் ஏடு எரிகிறது.

இனி, அந்த ஆஸ்டினில் எது அசல்? பர்மிங்காமை அடுத்த லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் ஆலை வடித்த எஞ்சினா, எண்ணூரில் முடுக்கிய போல்ட்டா, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த பத்தாண்டுகளில் உதிரிபாகம் கிடைக்காமல் நம்மூர் லேத்தில் கடைந்து போட்ட புஷ்ஷா? அந்தப் புஷ் இல்லாதிருந்தால் கார் இன்றுவரை வந்தே இருக்காது. திருவொற்றியூர் புல்லட்டின் கதையோ இன்னும் வேடிக்கையானது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. தாய் நிறுவனம் 1970ஐ ஒட்டி மறைந்துவிட, திருவொற்றியூரில் மட்டும் அவ்வண்டி தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தது. 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. நகல் என்று கருதப்பட்டதே மூலமாகிவிட்ட இந்த நிகழ்வை அறிந்த ஊரில், ‘அசல்’ என்பதை அயல்நாட்டு முத்திரையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது பொருந்தாது என்றே தோன்றுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி எனச் சிலர் ஒதுக்கக்கூடும். அப்படி ஒதுக்கிவிட முடியாதபடி சட்டமே இச்சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் ‘வின்டேஜ்’ எனத் தனியே பதிவுபெறலாம். பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அதற்கான நிபந்தனை, வாகனம் தன் மூலவடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் பெரும்பணி எதுவும் நடந்திருக்கக் கூடாது என்பதே. நோக்கம் நல்லதுதான். பழைய உடலுக்குள் புதிய டீசல் எஞ்சினைத் திணித்து ஓட்டுவதை எவரும் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எஞ்சின் பகுதி எரிந்த காரில் பெரும்பணி செய்யாமல் தீராது. அப்பணியைப் பழுதுநீக்கம் என்று கொள்வதா, மாற்றம் என்று கொள்வதா? கார் பதிவுபெறுவதும் கழிவிரும்பாக எடைக்குப் போவதும் இந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்தது.

விடை காண, தீ என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். பழைய கார்களில் தீ பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, இறுகி வெடித்த ரப்பர் குழாயிலிருந்து கசியும் பெட்ரோல். இன்னொன்று, மேலுறை உதிர்ந்த ஒயரில் எழும் தீப்பொறி. 2025இல் நாடெங்கும் பரவிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அக்காலத்து ரப்பர் குழாய்களுக்கும் பெட்ரோல் பம்பின் சவ்வுக்கும் ஒத்துவராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தீ அணைந்த பின், உருகியது எது, உருகாதது எது என்று பார்த்தாலே வெப்பத்தின் அளவு ஓரளவு புலப்பட்டுவிடும். அக்காலக் கார்புரேட்டர்கள் பலவற்றின் துத்தநாகக் கலவை 400 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும். அலுமினியம் 660 பாகை வரை தாங்கும். வார்ப்பிரும்போ ஆயிரத்தைத் தாண்டியும் நிற்கும். எனவே கார்புரேட்டர் உருக்குலைந்த வண்டியிலும் சிலிண்டர் பிளாக் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பதற்றத்தில் தண்ணீரை வாரி இறைத்து அதில் விரிசல் விழாதிருந்தால்.

அணைத்த பின்னும் ஆபத்து ஓய்வதில்லை. தீயணைப்பானிலிருந்து வெளிப்படும் வெள்ளைத்தூள் ஈரத்தை இழுத்து அமிலத்தன்மை கொண்டு இரும்பை அரிக்கும். இராயபுரத்திலும் எண்ணூரிலும் உப்புக்காற்று வேறு. தூளைக் கழுவித் துடைக்காமல் ஒரு வாரம் விட்டால், தீ மிச்சம் வைத்ததைத் துரு தின்றுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தகட்டின் மேல் அன்று மாலைக்குள் ரெட் ஆக்சைடு அடிக்காவிட்டால் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தென்படும். கடற்கரையோர டிங்கர்கள் இதை எந்நூலிலும் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

நம் கருத்தில், எரிந்த காரின் பாகங்களை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதலாவது, தீக்குக் காரணமானவையும் மீண்டும் காரணமாகக் கூடியவையும்: எரிபொருள் குழாய், ஒயரிங், பம்பின் சவ்வு. இவற்றில் அசல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய், தகுந்த ஃப்யூஸ், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவற்றை ஐயமின்றிப் புதிதாகவே போட வேண்டும். அந்த ஆஸ்டினில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதை ஒயரிங் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும் வேண்டும். இரண்டாவது, பழுதுபார்த்தால் மீளக்கூடியவை: நெளிந்த பானெட், மேற்பரப்பு வளைந்த சிலிண்டர் ஹெட், கருகிய டேஷ்போர்டு. இவற்றை வெளியிலிருந்து புதிதாக வாங்கிப் பூட்டுவதைவிட, தட்டி நிமிர்த்துவதும் இழைத்துச் சமப்படுத்துவதுமே மேல். மூன்றாவது, வண்டி ஓடுவதற்கு இடையூறு செய்யாத தீத்தழும்புகள்: எஞ்சினுக்குப் பின்னுள்ள தகட்டின் உட்புறத்தில் கொப்பளித்த பழைய வண்ணம் போன்றவை. துருப்பிடிக்காதபடி மேற்பூச்சிட்டு இவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றாவது வகையைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கிய வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை; வேறு பல பாடல்களும் அடிகள் சிதைந்தே கிடைத்தன. செய்யுள் இயற்றும் புலமை அவருக்கு உண்டு. ஆயினும் இடைவெளிகளைத் தம் வரிகளால் நிரப்பாமல், சிதைவைச் சிதைவாகவே காட்டினார். இன்றும் நாம் அப்பதிப்பை நம்பிப் படிப்பதற்கு அந்த நேர்மை முதன்மையான காரணம்.

ஆனால் ஒப்புமை இங்கே ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடி சிதைந்த பாடலைப் படிக்க முடியும். பெட்ரோல் குழாய் இல்லாத கார் நகராது. காரில் இடைவெளியை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஆகவே இங்கே நேர்மை என்பது, நிரப்பியதை நிரப்பியது என்று தெரிவித்து வைப்பதில் இருக்கிறது. பழங்கார் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2013இல் உறுதிசெய்த டூரின் சாசனமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: புதிதாக மாற்றிய பாகங்களில் அழியாத சிறு அடையாளம் இட்டு வைப்பது நன்று.

கண்காட்சிக் கார்களின் பளபளப்பை விரும்புவோர் இதற்கு உடன்பட மாட்டார்கள். காரை வாங்குபவர் தழும்பைக் கண்டு விலையைக் குறைப்பார் என்பர். உண்மைதான். ஆனால் அந்தப் பளபளப்பு, காரின் ஐம்பது அறுபது ஆண்டு வாழ்வைத் துடைத்துவிட்டுக் காட்சிக்கூடத்தில் நின்ற முதல் நாளை மட்டும் மீட்கப் பார்க்கிறது. அந்த ஒரு நாளில் எண்ணூர்த் தொழிலாளியின் கைக்குச் சிறிதே இடமுண்டு. பின்னால் அதைக் காப்பாற்றிய டிங்கருக்கும் ஒயரிங்காரருக்கும் இடமே இல்லை. காசிமேட்டில் விசைப்படகின் பலகை உளுத்தால் பலகையை மாற்றுகிறார்கள். எஞ்சின் தேய்ந்தால் போர் செய்கிறார்கள். அது பழைய படகுதானா என்று கரையில் எவரும் கேட்பதில்லை. படகின் பெயர் நிற்கிறது. பழுதுபார்த்தவரின் பெயரும் கரையில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது.

எரிந்த காரை வீட்டில் சீர்செய்வோரிடம் நாம் வேண்டுவது இதுதான். வேலை தொடங்குமுன் கரியும் சாம்பலுமாக இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் எந்தப் பாகம் எரிந்தது, எதை நிமிர்த்தினீர்கள், எதைப் புதிதாகக் கடைந்தீர்கள், எந்தத் தேதியில், யார் கையால் என்று எழுதுங்கள். கழற்றிய பாகத்தை எடைக்குப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். பதிவு அலுவலகத்தில் ‘மூலவடிவம்’ பற்றிய கேள்வி எழும்போது, நடந்தது பழுதுநீக்கமே என்று எடுத்துக்காட்ட இந்நோட்டைவிட நல்ல துணை வேறில்லை. சட்டம் வகுப்போரும், தீயாலோ வெள்ளத்தாலோ சேதமடைந்த வாகனத்தை இத்தகைய பதிவேட்டின் துணையோடு மீட்டால் அது மாற்றம் ஆகாது என்று ஒரு வரி சேர்ப்பார்களானால், பல வண்டிகள் பிழைக்கும்.

நாடு முழுவதும் ஓடும் வண்டிகளைப் பல தலைமுறைகளாகச் செய்து அனுப்பிய இப்பகுதியில், அவ்வேலை செய்தவர்களின் பெயர்களை நாம் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த நோட்டில் தேதிக்கு எதிரே எழுதப்படும் லேத்காரரின் பெயரிலிருந்தாவது அப்பட்டியல் தொடங்கட்டும்.